பெயர் சொல்லும் பெட்டி

கடைக்குள் நுழைந்தால் நவநீதகிருஷ்ணன் முதலில் அடுத்தவர் செய்த ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்ப்பார். இரண்டே விரலால் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, "தக்கை பாய். உள்ள காத்துதான் இருக்கு" என்பார். அதை வாங்கப் பர்சைத் திறந்தவன் மூடிவிடுவான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் அப்துல் பாரிக்கு அப்போது வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. "அண்ணாச்சி, நான் யாவாரம் பண்ணவா வேணாமா?"

திருச்சுழி ரோட்டில், வீட்டு முன்னறையிலேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் செய்கிறவர் நவநீதகிருஷ்ணன். வேலை சுத்தம், பலகை வெட்டினால் மயிரிழை பிசகாது. ஆனால் மைக்செட்டுக்காரர்கள் இப்போது மதுரையிலிருந்து ரெடிமேடாக இறக்கிக்கொள்கிறார்கள். மற்ற கடைகள் அவரைக் கைகழுவிவிட்டன. அவர் பெட்டி விற்பனைக்கு நிற்பது பாரி கடையில் மட்டும்தான்.

பாரியும் சொல்லாத நாளில்லை. இழுத்துக்கொண்டு போகச் சக்கரம் கேட்கிறார்கள் என்றார். இரும்பில் நாலு சக்கரம் மாட்டி வந்தது. இழுக்க இரண்டு ஆள் வேண்டும். பாட்டுக்கேற்ப மினுக்குகிற லைட் கேட்கிறார்கள் என்றார். பச்சையில் ஒரு ஜீரோ வாட் பல்பு வந்தது. மினுக்காது, எரியும், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆனால் வெளியூர்ப் பெட்டி ஒன்று, சுவிட்சைப் போட்டதும் பெண் குரலில் இங்கிலீஷில் என்னவோ சொன்னதே, அதை மட்டும் மனுஷர் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"பொட்டி பேசணும்னா தமிழ்ல பேசட்டும் பாய். செஞ்சவன் பேரச் சொல்லட்டும்."

அன்றிலிருந்து அவர் பெட்டிகள் கரண்டு வந்ததும் அவர் குரலிலேயே முழங்கும்: "வணக்கம்! நவநீதம் சவுண்ட், அருப்புக்கோட்டை. துல்லிய ஒலிக்கு எங்களை நாடுங்கள்!" சொல்லி முடிக்கும்வரை பாட்டும் வராது, மைக்கும் எடுக்காது. அந்தச் சத்தத்தைக் குறைக்கவும் அவர் வழி வைக்கவில்லை.

போன வாரம் மைக்செட் தங்கசாமி அவர் பெட்டி ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி வந்து கடை வாசலில் தொப்பென்று போட்டான். நரிக்குடிப் பக்கம் ஓர் எழவு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். "கரண்டு போய்ப் போய் வருது பாய். வரும்போதெல்லாம் பொணத்துக்கு வணக்கம் சொல்லுது. என்னைய அடிக்க வந்துட்டாக!"

பாரி போன் போட்டு நவநீதகிருஷ்ணனை வரவழைத்தார். வந்தவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். துளியும் அசையவில்லை.

"கரண்டு போனதுக்கு நானா பொறுப்பு? ஏலே தங்கசாமி, பேரு தெளிவாக் கேட்டுச்சா?"

பாரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அண்ணாச்சி, உங்க பொட்டி சவுண்டுக்கு ஈடா இந்தக் கடையில ஒண்ணும் கெடையாது. அதுக்குத்தான் இத்தன நாளா ஒங்களோட மாரடிக்கிறேன். அந்தக் கொரலக் கழட்டுங்க. இல்லாட்டி அம்புட்டையும் ஏத்திட்டுப் போயிருங்க."

நவநீதகிருஷ்ணன் அடுக்கியிருந்த தன் பெட்டிகளைப் பார்த்தார். ஏற்றிப் போனால் இறக்கி வைக்க வேறு கடை இல்லை என்பது அவருக்கும் தெரியும். தங்கசாமி கொண்டுவந்த பெட்டி முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். திருப்புளியை எடுத்து முதல் திருகில் வைத்தார். கை திருகவில்லை. பிறகு அதைப் பாரியிடம் நீட்டிவிட்டு, பெட்டி ஆடாதபடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.