சிலந்திக்கு ஒரு சாண் தூரத்தில்

சிலந்தியை அதன் நிஜ அளவிலேயே படம் பிடிக்க வேண்டுமென்றால், காமிராவின் மடிப்புத் துருத்தியை இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, லென்ஸை அதன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஆறு விநாடி மூச்சு விடாமல் நிற்க வேண்டும்; தொழில் அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் சுற்றியிருக்கும் ஜனங்களுக்குச் சமாதானம் சொல்வதில் போய்விடும். பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஏறுகிறவர்கள் அங்கே இருந்தபடியே படிக்கலாம்.

புட்டியில் வந்தவர்

எங்கள் ஸ்டூடியோ பாலக்கரையில் ஒரு மாடியில் இருக்கிறது. அப்பா படம் பிடிப்பார். ஆண்களுக்கு முகம் காட்டாத கோஷா ஸ்திரீகள் வந்தால் மட்டும் அப்பாவை வெளியே நிறுத்திவிட்டு நான் பிடிப்பேன். ஸ்கூல் பைனலில் கணக்கில் தவறிவிட்டேன். மறுபடி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உடனே தஞ்சாவூரில் டீச்சராக இருக்கும் என் அத்தை, டீச்சர் டிரெயினிங்கில் எனக்கு ஓர் இடமும் ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் பேசி முடித்துவிட்டாள். ஜூனில் போய்ச் சேர வேண்டும். எனக்குக் காமிராவை விட்டுப் போக இஷ்டமில்லை. இதை நான் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலேஜ் புரொபசர் ஒருவர் வந்து மேஜை மேல் ஒரு ஜாம் புட்டியை வைத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. மாஜிக் லாந்தரில் போட்டுத் திரையில் பெரிதாகக் காட்டிப் பிரசங்கம் செய்ய அவருக்குப் பத்து விதமான சிலந்திகள் வேண்டுமாம். காலேஜ் திறப்பதற்குள் வேண்டும். எல்லாம் உயிரோடு, இருக்கிறபடியே இருக்க வேண்டும். கொன்று குண்டூசியில் குத்திவைத்து எடுத்தால் தொடக்கூட மாட்டேன் என்றார். அவர் பேசி முடிக்கும்போது எதிரில் அப்பா இல்லை. ஏரியும் மாளிகையும் எழுதிய திரைக்குப் பின்னால் இருந்தார். அங்கிருந்தே, "செஞ்சு கொடுத்துடலாம் சார்" என்று குரல் மட்டும் வந்தது.

புரொபசர் படி இறங்கிய பிறகு அப்பா வெளியே வந்தார். நான் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னையும் பார்த்தார், புட்டியையும் பார்த்தார்.

"பத்தையும் அந்த மனுஷர் ஒத்துக்கிட்டார்னா நீ இங்கேயே இரு. ஒண்ணு தள்ளுபடி ஆனாலும் தஞ்சாவூர்தான். இப்ப அதைக் கொண்டுபோய் மொட்டை மாடியில வை."

பயில்வான் வாத்தியார்

முதல் இரண்டும் சுலபம். ஒன்று புட்டியில் வந்ததே, மற்றது ஓடு இறங்கும் மூலையிலேயே கிடைத்தது. மூன்றாவது, வலை கட்டாமல் தாவித் தாவி ஈ பிடிக்கும் சின்னச் சிலந்தி. அரிசி இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். ஆனால் முகத்துக்கு நேரே நாலு கண், தலை மேல் நாலு கண். நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் திரும்பிப் பார்க்கும். அதை, வாடிக்கைக்காரர்கள் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்களே, அந்த மரத்தூண் மேல் விட்டு, கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டுக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உறையூரிலிருந்து குஸ்தி சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் கர்லாக்கட்டையோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார். தொடை ஒவ்வொன்றும் அந்தத் தூண் பருமன். கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தவர் அதைப் பார்த்துவிட்டார். நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினார். அது இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் நகர்த்தினார். அதுவும் வலப்பக்கம் திரும்பியது. அது அசைந்ததில் எனக்கு ஒரு கண்ணாடிப் பிளேட் வீண். அதட்டலாம் என்று துணியிலிருந்து தலையை எடுத்தால், மனிதர் கர்லாக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்கிறார்.

"பாப்பா, நான் போயிட்டு நாளைக்கு வரேன். அதுக்கு என் மேல என்னமோ கோவம் இருக்கு."

ஜட்கா சவாரி

ஸ்ரீரங்கத்துக்குக் காமிரா, முக்காலி, பிளேட் பெட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு போக ஜட்கா வைக்க வேண்டியிருந்தது. மடியில் இருந்த காலி டப்பாவைப் பார்த்து, "பலகாரமா?" என்று வண்டிக்காரர் கேட்டார். எட்டுக்கால் பூச்சி கிடைத்தால் போட்டுக்கொண்டு வருவதற்கு என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அவசரமும் கூட. திரும்பி வரும்போது, எட்டாவது படத்துக்கென்று அங்கே ஒரு வேலியில் பிடித்தது டப்பாவில் இருந்தது. அதையும் கேட்டார், சொன்னேன். இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, காவிரிப் பாலம் முழுவதும் வெயிலில் நடந்தே வந்தார். ஏன் என்று கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"குதிரை பயந்த சுபாவம் அம்மா. நான் பக்கத்துல நடந்தாத்தான் அதுக்குத் தெம்பு."

உக்கிராண உள்ளில் குடித்தனம்

ஸ்ரீரங்கத்துக்குப் போனது ஏழாவது படத்துக்கு. காலேஜ் குமாஸ்தா ஒருவர் வீட்டில், மளிகைச் சாமான் அடுக்கும் உக்கிராண உள்ளில், பஞ்சாங்கம் மாட்டியிருந்த சுவரில், புரொபசர் கேட்ட ஜாதி இருந்தது. உள்ளங்கை அகலம். வயிற்றுக்கு அடியில் எட்டணாக் காசு போல வெள்ளையாக ஒரு வட்டத்தைக் கவ்வி வைத்திருந்தது. குமாஸ்தாவின் சம்சாரமான மாமி அந்த உள்ளின் வாசற்படியைத் தாண்டவே மாட்டேன் என்றுவிட்டார். கையில் விளக்குமாறு வேறு.

"ஏண்டி பொண்ணே, அது மேல ஊர்ந்துதுன்னா உடம்பெல்லாம் கொப்பளிச்சுடும். நோக்குத் தெரியாதா? இத்தனை நாழி நன்னாப் பாத்தாச்சோன்னோ, நகரு, அடிச்சுடறேன்."

நான் நகரவில்லை. இதற்குள் நாலைந்து என் கை மேல் ஏறி இறங்கியாகிவிட்டது, ஒன்றும் கொப்பளிக்கவில்லை என்று கையை நீட்டிக் காட்டினேன். மாமி கையைப் பார்க்காமல் இரண்டடி பின்னால் போனார். உள்ளே இருட்டு. முற்றத்து வெயிலைக் கண்ணாடியில் வாங்கிச் சுவரில் அடித்தாலும் லென்ஸ் மூடியைத் திறந்துவைத்து நாற்பது விநாடி எண்ண வேண்டியிருந்தது. கண்ணாடியைப் பிடிக்க ஆள் வேண்டும். பிரசவத்துக்கு வந்திருந்த மாமியின் பெண், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்து, "நான் பிடிச்சுக்கறேன், நீங்க எண்ணுங்கோ" என்றாள். அவளுக்குப் பயம் இல்லை. பொழுது போகாமல் இருந்திருக்கிறாள்.

எடுத்து முடித்ததும் அந்த வெள்ளை வட்டம் என்ன என்று கேட்டாள். முட்டைப் பை, பொரிகிற வரைக்கும் கீழே வைக்காது, இரையும் எடுக்காது என்று புரொபசர் சொன்னதைச் சொன்னேன். மாமி வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். விளக்குமாற்றைக் கதவு மூலையில் சாத்தினார்.

"போறது, இருந்துட்டுப் போகட்டும். ஆனா பொரிச்ச மறுநாளே குஞ்சு குளுவானோட காலி பண்ணிடணும், இப்பவே சொல்லிட்டேன்."

ஊரை ஆண்டவர்

பத்தாவதுக்குத்தான் அலைந்தேன். வட்ட வலை கட்டி நடுவில் உட்காரும் பெரிய சிலந்தி வேண்டும். திருவானைக்காவலில் ஒரு பூந்தோட்டத்தில் இருப்பதாகத் தகவல். போனேன். அரளிச் செடிக்கும் வேலிக்கும் நடுவில் முறம் அகலத்துக்கு வலை. மஞ்சளும் வெள்ளியுமாக அது நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒரு கிளை குறுக்கே வந்தது. ஒடிக்கப் போனேன். தோட்டக்காரர் ஓடிவந்து கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

அந்த ஊர்க் கோயில் கதை எனக்குத் தெரியாது. நாங்கள் கிறிஸ்து வேதக்காரர்கள். அவர்தான் சொன்னார். சுவாமி மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலை கட்டியதாம். யானை அதைப் பிய்த்ததாம். இரண்டும் சண்டை போட்டுச் செத்து, சிலந்தி மறு ஜன்மத்தில் சோழ ராஜாவாகப் பிறந்ததாம். அதனால் அந்தத் தோட்டத்தில் வலையைக் கலைக்க விடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். கழற்றினேன், கிளை குறுக்கே வராத பக்கமாக முக்காலியை நகர்த்தினேன். தரை கொதித்தது.

அப்புறம் காற்று. வலை ஆடினால் ஆறு விநாடியில் படம் புகை மாதிரி வரும். இரண்டு பிளேட் போய்விட்டது. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. மறுவாரம் காலேஜ் திறந்துவிடும். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த தோட்டக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்தார், போதவில்லை. வீட்டுக்குப் போய் ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து, காற்று வரும் பக்கமாக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வலை நின்றது. மூடியை எடுத்து ஆறு எண்ணி மூடினேன். 'எட்டுக்கால் பூச்சிக்கு இவ்வளவு மரியாதை நான் எங்கேயும் பார்த்ததில்லை' என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"காலை எண்ணாதீங்க பாப்பா. அவங்க இந்த ஊரை ஆண்டவங்க."

தலை எந்தப் பக்கம்

லாந்தரில் போடும் படம் கண்ணாடியில் இருக்கும். இரண்டு கண்ணாடியைச் சேர்த்து ஓரத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஒரு மூலையில் வெள்ளைப் பொட்டு ஒன்று ஒட்ட வேண்டும். எந்தப் பக்கம் மேல் என்று லாந்தர் ஆள் அந்தப் பொட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். எனக்கு ஒட்டும் வேலை சுத்தமாக வராது. பசை வழியும். அதனால் நான் பொட்டு வைத்துக் கொடுக்க, ஓரம் ஒட்டும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். படத்தின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடிக்கொண்டுதான் ஒட்டினார். நிழல் படத்துக்கே அப்படி.

காலேஜில் ஜன்னல்களை அடைத்துவிட்டு, பட்டப்பகலில் புரொபசர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்பதுக்கும் தலையை ஆட்டினார். அப்பா திரையைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது விழுந்தது. புரொபசர் எழுந்து நின்றார். "வட்ட வலையில இருக்கிற சிலந்தி தலையைக் கீழே வெச்சுத்தான் உட்காரும். இது தலையை மேலே தூக்கிட்டிருக்கு. செத்ததைக் கொண்டுவந்து வலையில ஒட்டி எடுத்திருக்கீங்க. இது எனக்கு வேண்டாம்" என்றார்.

கண்ணாடி மூலையிலிருந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன். நான் வைத்த மூலையில் இல்லை, எதிர் மூலையில் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் தேசப்படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. வாடிக்கைக்காரர் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தஞ்சாவூருக்குப் போக வேண்டியவள் நான். "பொட்டை அப்பா மாத்தி ஒட்டிட்டார் சார். திருப்பிப் போட்டுப் பாருங்க. பின்னால ஒரு ஜமக்காளத்து ஓரம் கீழ்ப்பக்கமாத் தொங்கும்" என்றேன். திருப்பிப் போட்டார். தொங்கியது. புரொபசர் திரைக்குக் கிட்டே போய் ஒவ்வொரு காலாகப் பார்த்தார். "உயிரோடதான் இருக்கு" என்று சொல்லிப் பத்தையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டார்.

திரும்பி நடந்து வரும்போது பாலக்கரை வரும் வரைக்கும் அப்பா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்டூடியோப் படிக்குக் கீழே நின்று, "ஒட்டும்போது காகிதம் நழுவிடுச்சு, தலை கீழே இருந்துது. இருபது வருஷமாத் தலை மேலே, கால் கீழேன்னு பாத்த கை. நீ அவசரத்துல தப்பா வெச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "பெரிய காமிராவை நீயே வெச்சுக்க" என்றார். அப்போ டிரெயினிங் வேண்டாம் என்று அத்தைக்கு எப்போது எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். அப்பா முதல் படியில் வைத்த காலைக் கீழே எடுத்துவிட்டார்.

"அதையும் நீயே எழுதிடும்மா. உங்க அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."

பத்துச் சிலந்திகளையும் ஓர் அத்தையையும் சமாளித்து முடித்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், சிலந்திகள் எவ்வளவோ தேவலை.