சூடாறும்வரை இருந்தவர்

செத்துப்போன டிரைவர்கள் சூடான இஞ்சினுக்குள் வந்து குந்தியிருப்பார்கள் என்று பத்து வயதில் நான் நம்பினேன். நம்பினேன் என்பது அடக்கமான சொல். வகுப்பில் கரும்பலகையில் படம் கீறி விளக்கியிருக்கிறேன். இஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அவர்களுக்கு அங்கே வேலையில்லை. ஓடிச் சூடேறியதும், மார்கழிக் குளிரில் அடுப்படிக்குள் போய்ச் சுருளும் பூனையைப்போல வந்து ஏறிக்கொள்வார்கள். பிறகு எவ்வளவு கயிறு இழுத்தாலும் இஞ்சின் எடுக்காது, ஓடத் தொடங்காது. சூடு ஆறியதும் எழும்பிப் போய்விடுவார்கள். அப்போது ஒரே இழுவையில் எடுக்கும்.

சிரிக்க வேண்டாம். மாமாவின் இஞ்சின் அட்சரம் பிசகாமல் இப்படித்தான் நடந்துகொண்டது.

அது தண்ணீர் இறைக்கப் பிறந்த இஞ்சின் அல்ல. அளவெட்டியில் ஒரு வளவுக்குள் கிழட்டு உழவு மிசின் ஒன்று, டயர்கள் மண்ணில் புதைய, செத்துக் கிடந்தது. அதன் பெரிய டீசல் இஞ்சினை மனிதக் கையால் சுழற்றி எடுக்க ஏலாது என்பதால், பக்கத்தில் ஒரு சின்னப் பெற்றோல் இஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். கயிற்றை இழுத்துச் சின்னதை எடுத்தால், அது பெரியதை உருட்டி எழுப்பிவிடும். எழுப்பியதும் அதன் வேலை முடிந்தது, நிறுத்திவிடலாம். வீட்டாரை எழுப்பிவிட்டுத் தான் திரும்பவும் படுத்துக்கொள்கிற கெட்டிக்காரப் பிள்ளையைப்போல, அதற்கு நாளைக்குச் சில நிமிட வேலைதான். மாமா அந்தச் சின்னதை மட்டும் கழற்றி வாங்கிவந்து, ஒரு பம்போடு பொருத்தி, வெங்காயத்துக்கு விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை இறைக்கவிட்டார்.

"செத்த மிசினிலையிருந்து உயிரோடை கழட்டின ஈரல் மாதிரிக் கிடக்குது," என்றார் மாமி, அதை முதன்முதல் கண்டபோது. "அதின்ரை டிரைவரும் செத்துப்போனாராம். உங்களுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"டிரைவர் செத்தால் இஞ்சினுக்கென்ன? உவர் நல்ல மனிசன்," என்று மாமா அதன் தலையில் தட்டினார்.

இஞ்சினை அவர் 'உவர்' என்றுதான் சொல்வார். மரியாதை கொடுத்தால் மிசினும் வேலை செய்யும் என்பது அவருடைய கொள்கை. மாமியிடம் அந்தக் கொள்கையை அவர் பரீட்சித்துப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லை வெட்டி இறக்கியவை. பங்குனி பிறந்தால் தண்ணீர் மிகவும் கீழே போய்விடும், மேலே வைத்த பம்பு அதை எட்டி உறிஞ்சாது. ஆகவே கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் கல்லில் ஒரு தட்டு வெட்டி, இஞ்சினை அங்கே இறக்கி வைப்பார்கள். புகை வெளியேற நீளமான இரும்புக் குழாய் ஒன்று இஞ்சினின் வாலிலிருந்து புறப்பட்டுக் கிணற்றுக் கட்டுக்கு மேலே வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இருட்டும், அந்தக் குழாயும், கீழே ஏதோ ஒன்றின் நெஞ்சு அடிக்கும் சத்தமும்தான். வரம்பில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் அது துடிக்கும். நான் அந்த நாட்களில் செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

காலையில் ஒரே இழுவையில் எடுக்கும். மத்தியானம் பெற்றோல் முடிந்து நிற்கும். ஊற்றிவிட்டு இழுத்தால் எடுக்காது. பாதிப் பாத்திகள் நனைந்திருக்க மீதிப் பாதி வெயிலில் தலையைத் தொங்கப்போடும். மாமாவின் அந்த வருஷச் சாப்பாடு முழுவதும் அந்தப் பாத்திகளில் நின்றது. பொறுமை அவரிடம் முன்பும் இருந்ததில்லை.

பிளக்கைக் கழற்றித் துடைத்தார். சோக்கை இழுத்தும் பார்த்தார், இழுக்காமலும் பார்த்தார். ஈரச் சாக்கை எடுத்துப் பெற்றோல் தாங்கியில் போர்த்தினார். மருதனார்மடத்துச் சந்திக்குச் சைக்கிளில் போய்ப் புதுப் பிளக் வாங்கிவந்து பூட்டினார். இரண்டு துளி பெற்றோலை நேரே உள்ளே விட்டு இழுத்தபோது இஞ்சின் ஒருமுறை தும்மி அவருடைய இடப்பக்க மீசையை எடுத்துக்கொண்டது. அதன்பிறகும் எடுக்கவில்லை. வெறுத்துப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து இழுத்தால், ஒன்றுமே நடவாததுபோல எடுத்தது.

"மாமா, டிரைவர் உள்ளுக்கு இருக்கிறார். ஆறினாப் பிறகுதான் எழும்புவார்," என்று நான் காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப அவரிட்டைச் சொல்லு. வெங்காயம் காயுது, கொஞ்சம் தள்ளி இருக்கட்டாம்."

கடைசியில் மாமாவுக்கு ஞானம் பிறந்தது. "உவருக்கு மூச்சு முட்டுது. இவ்வளவு நீளக் குழாயுக்காலை ஊதச் சொன்னால் ஆருக்கு ஏலும்? நாதஸ்வரக்காரனே களைச்சுப் போவான்." குழாயைக் கழற்றி வேலியோடு சாத்திவிட்டார். அன்று மத்தியானம், சூட்டோடு, நாலைந்து இழுவையில் இஞ்சின் எடுத்துவிட்டது. மாமா மேலே ஏறிவந்து, பாதி மீசையைத் தடவிக்கொண்டு, ஊரைப் பிடித்த அரசனைப்போலத் தோட்டத்தைப் பார்த்தார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். இவ்வளவு நாளும் டிரைவர் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போயிருப்பார். இப்போது குழாய் இல்லை. அப்படியானால் அவர் எங்கே போவார்? கிணற்றுக்குள்தான் நிற்பார்.

அதன்பிறகு நடந்தவை என் கணக்குக்குச் சரியாக இருந்தன. கிணற்றுக் கல் இடுக்குகளில் குடியிருந்த புறாக்கள் இரண்டொரு நாளில் காணாமல் போயின. ஒன்று தண்ணீரில் செட்டையை விரித்தபடி மிதந்தது. மாமா கிணற்றிலிருந்து ஏறி வந்தால் தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "காதுக்குள்ளை ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்குது," என்று சொல்லிவிட்டு ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒருநாள் பின்னேரம் மாமி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அண்ணை, உங்கடை மச்சானை என்னவோ பிடிச்சிட்டுது," என்றார் என் தகப்பனிடம். "என்னை ராசாத்தி எண்டு கூப்பிடுறார்."

ஐயா கொஞ்சம் யோசித்தார். "ஒருக்கால் எண்டால் பேசாமல் விடு. திரும்பவும் கூப்பிட்டால் பாப்பம்."

திரும்பவும் கூப்பிட்டதற்கு மறுநாள்தான் அது நடந்தது.

உச்சி வெயில். பேய்கள் இரவில்தான் வரும் என்பது பட்டணத்துக்காரரின் எண்ணம். எங்கள் பக்கத்தில் அவை மத்தியானமும் வரும், நிழல் காலடிக்குள் ஒடுங்குகிற நேரத்தில். மாமி தோட்டத்தின் மறுகோடியில் வாய்க்கால் திருத்திக்கொண்டிருந்தார். ஐயா அதற்கும் அப்பால், பக்கத்துத் தோட்டத்தில். எனக்குக் கிணற்றுக் கட்டில் இருந்து பெற்றோல் கானைக் கயிற்றில் இறக்குகிற வேலை. இஞ்சின் நின்றது. கானை இறக்கினேன். மாமா கல்லில் வெட்டிய படிகளில் கால் வைத்து இறங்கினார்.

கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. இஞ்சின் தும்மியது, கொஞ்சம் ஓடியது, நின்றது. திரும்பவும் கயிறு. கொஞ்சம் ஓடியது, நின்றது. தூரத்தில் யாரோ நாதஸ்வரம் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரே இடத்தில் பிசகி, முதலிலிருந்து தொடங்கினார்கள். அவர்களும் சூட்டில் எடுக்காத ஆட்கள்போல என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் கயிற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

எட்டிப் பார்த்தேன். கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுத்தது. மாமா கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையை, கூட்டாளியின் தோளில் போடுவதுபோல, இஞ்சின்மேல் போட்டிருந்தார். முகம் சிவந்து கிடந்தது. இஞ்சினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மேலை வாங்கோவன்."

மாமா இஞ்சினின் தலையில் மெல்லத் தட்டினார்.

"வாறன். உவர் எழும்பட்டும்."

அது மாமாவின் குரல் இல்லை. மாமாவின் குரலில் எப்போதும் ஒரு சண்டை இருக்கும். இது நித்திரைக்குப் போகிற குழந்தையோடு கதைக்கிற குரல். சற்றுப் பொறுத்து அது திரும்பவும் சொன்னது: "அவசரப்படாதை. உவர் எழும்பினாப் பிறகு ரெண்டு பேருமாய் வாறம்."

என் வீரத்தை இங்கே பதிவு செய்தாக வேண்டும். என் கால்கள் என்னைக் கேளாமல் வேலிவரை ஓடின. வேலிக்கு அப்பால் ஒருவரும் இல்லை என்பதைக் கண்டு, அங்கே தனியே நிற்பது இன்னும் பயம் என்று திரும்பி ஓடிவந்தன. "மாமி" என்று கத்தினேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். தாயைத் தவறவிட்ட ஆட்டுக்குட்டி என்று நினைத்ததாக மாமி பிறகு சொன்னார்.

பேய் செருப்புக்குப் பயம். எல்லாருக்கும் தெரியும். ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தேன், தண்ணீரில் விழுந்தது. மற்றதை எறிந்தேன், மாமாவின் உச்சந்தலையில் விழுந்தது. அவர் அசையவில்லை, ஏசவில்லை. தன் தலையில் செருப்பால் எறிந்தவனை மாமா சும்மா விட்டால், அங்கே இருப்பது மாமா இல்லை.

மிச்சம் இருந்தது வேப்பிலை. அடுத்த பாத்திகளுக்குப் பசளையாக மண்ணில் தாழ்க்க வெட்டிய வேப்பங்குழை கிணற்றடியில் குவிந்து கிடந்தது. தண்ணீர் அள்ளும் வாளியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கை கொள்ளாத குழையைக் கப்பிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். அம்மன் கோயிலில் உருவந்தவர்களை வேப்பிலையால் அடிப்பதைக் கண்டிருக்கிறேன். அதே மாதிரிக் கயிற்றை இழுத்தேன், விட்டேன். குழை ஏறியது, கிணறு நிறைய இரைந்துகொண்டு இறங்கியது, மாமாவின் முகத்தில் அடித்தது, திரும்ப ஏறியது. மந்திரம் சொல்ல வேண்டும். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. வாயில் வந்தது ஏழாம் வாய்பாடு. நான் அடி வாங்காமல் ஒப்பிக்காத வாய்பாடு அது. அன்றைக்குப் பிழையில்லாமல் வந்தது. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன். கிணற்றுக் கட்டில் குனிந்து நின்றதில் என் தலையும் கனத்தது. டிரைவர் என்னையும் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் வேகமாக இழுத்தேன். உள்ளங்கை உரிந்தது.

எத்தனையாவது தரம் என்று தெரியாது. கீழே ஒரு இருமல் கேட்டது. பிறகு ஓங்காளம். பிறகு, மாமா.

"ஆரடா அது உந்தக் குழையாலை என்ரை மூஞ்சையிலை அடிக்கிறது? மேலை வந்தனெண்டால் தோலை உரிப்பன், பேயன்."

அவ்வளவு இனிமையான ஏச்சை நான் பிறகு கேட்டதில்லை. கிணற்றுக் கட்டிலேயே இருந்து அழுதேன்.

அதற்குள் மாமியும் ஐயாவும் ஓடிவந்துவிட்டார்கள். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார். மாமி அவருடைய கையை எட்டிப் பிடித்தார்.

"இறங்காதேங்கோ அண்ணை. உள்ளுக்கு நிக்கிறது ஒருத்தரைப் பிடிச்சது போதும். கயிறைப் போடுங்கோ."

கயிற்றை மாமா கமக்கட்டுக்குள்ளால் போட்டுக்கொள்ள, பாதி ஏறியும் பாதி இழுபட்டும் மேலே வந்தார். வாய்க்காலில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தார். மாமி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, நான் ஆர் எண்டு தெரியுதோ?" என்று கேட்டார். "தெரியாமல் என்ன, சனியன் பிடிச்ச கேள்வி," என்றார் மாமா. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விட்டிட்டுது," என்று ஐயாவிடம் சொன்னார்.

பிறகு தேசிக்காய் வெட்டிப் பேய்க்குக் கழிப்புக் கழித்தார்கள். இஞ்சின் வந்த வழியே அளவெட்டிக்குப் போனது. அந்த வருஷ வெங்காயத்தில் பாதி பாத்தியிலேயே காய்ந்துபோனது. வேலியில் கிடந்த குழாயை மாமி இரண்டு மரக்கப்புக்கு நடுவே கட்டி, உடுப்புக் காயப்போட்டார். நான் அதில் தொங்கி விளையாடினேன். பள்ளிக்கூடத்தில் நான் பேயோட்டி. சொல்லச் சொல்ல டிரைவருக்குப் பல்லும் நகமும் வளர்ந்தன.

அடுத்த வருஷம் கோயில் திருவிழாவில், வறுத்த நிலக்கடலை விற்கும் கச்சான் கடைக்கு முன்னால், ஒருவர் மாமாவைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "அந்த உழவு மிசின்ரை சின்ன இஞ்சினை நீங்கள்தானே வாங்கினனீங்கள்? நான்தான் அதின்ரை டிரைவர்."

நான் மாமாவுக்குப் பின்னால் போய், அவருடைய கால் நிலத்தில் படுகிறதா என்று பார்த்தேன். பட்டது. அவர் சாகவில்லை. வேலையை விட்டு மயிலிட்டிக்குப் போய் மீன் லொறி ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"உவர் சூட்டிலை எடுக்கமாட்டார்," என்றார் அவர், கச்சானை உடைத்துக்கொண்டு. "பெற்றோல் வாற சின்னக் குழாயுக்கையே அது சூட்டுக்கு ஆவியாய்ப் போயிடும். நாங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துதான் இழுப்பம். எங்கை வைச்சு ஓடினனீங்கள்?"

"கிணத்துக்கை," என்றார் மாமா.

"கிணத்துக்கையோ? புகைக்குக் குழாய் விட்டனீங்கள்தானே?"

மாமா கடைப்பக்கம் திரும்பினார். எனக்கு ஒரு பெரிய கடதாசிச் சரை கச்சான் வாங்கித் தந்தார். முன்பு அவர் எனக்கு ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. வீடு வரும்வரை என் கையை விடவில்லை, உரிந்து ஆறிய உள்ளங்கை நோகும்படி பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், மாமியின் சேலை காய்ந்துகொண்டிருந்த குழாய்க்கு முன்னால் போய் நின்றார். கை இன்னும் என் கையிலேயே இருந்தது. பேய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, அவருக்குக் கேட்கும்படி மெல்ல ஏழாம் வாய்பாட்டைச் சொன்னேன்.

இஞ்சினின் புகை வெளியே போக அந்தக் குழாய் ஒன்றுதான் வழி. அதைக் கழற்றிய பிறகு புகை கிணற்றுக்குள்ளேயே நின்றது. அதில் ஆளைக் கொல்கிற பங்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நான் மேலும் கீழும் இழுத்த குழை, வெளிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கியது.