அருவியில் எனக்கு எண்ணிக்கை தவறிய நாள்

என் மருமகள் செண்பகத்துக்கு இருந்தது ஒரே கண். வலது கண்ணைச் சிறுவயதிலேயே அம்மை நோய் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் 1961 மாசி மாதத்தில் பூ விழுந்தது. குற்றாலத்தில் குழல்வாய்மொழி அம்மையின் சந்நிதிக்கு வரும் அன்பர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு தவிப்பு. எனக்கு வயது அறுபத்தெட்டு. இனியும் தள்ளிப்போட முடியாது.

இலத்தூரில் எங்களுக்குச் சிறு வயல் உண்டு. அறுப்பு முடிந்து செண்பகம் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். காற்று திரும்பி, உமி கண்ணில் விழுந்தது. ஒரே ஒரு உமி. யார் யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விட்டோம். பதினோரு நாள் விட்டோம். அந்தப் பதினோரு நாளுக்கும் நான்தான் பொறுப்பு. நான் படித்தவன். தென்காசி ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தாவாக முப்பத்தோரு வருஷம் மூட்டை எண்ணியவன். நாளை எண்ணத் தெரிந்த எனக்கு டாக்டரிடம் போகத் தெரியவில்லை.

கருவிழி வெள்ளையாகிவிட்டது. என் மகன் பட்டாளத்தில் வடக்கே இருந்தான். லீவு கிடைக்கவில்லை. பேத்தி வள்ளிக்கு அப்போது ஆறு மாதம். செண்பகம் அவள் முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள்.

ஒரு நாள் கேட்டாள்: "மாமா, இவளுக்குப் பல்லு முளைச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எண்ணிச் சொல்லுதேம்மா" என்றேன். கொல்லைப்புறம் போய்த்தான் அழ முடிந்தது.

மதுரையில் ஒரு கண் டாக்டர் பார்த்தார். இறந்தவர் ஒருவருடைய கண்ணிலிருந்து கருவிழியை எடுத்து இவளுக்கு வைத்துத் தைக்கலாம், வேறு வழியில்லை என்றார். அப்படியும் ஒன்று உண்டா என்று ஊரே கேட்டது. மறுநாள் நேரே குற்றாலம் போனேன். அம்மை முன் நின்று, "இவளுக்குப் பார்வை கொடு. பார்வை வந்த அறுபது நாளுக்குள் இவளைப் பேரருவியில் தலைமுழுக வைத்து, ஈரச்சேலையோடு உன் முன்னால் நிறுத்துகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். நாள் குறிக்காமல் எனக்கு வேண்டத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து இருபத்து மூன்று நாள் காத்திருந்தோம். ஆனி பிறந்து நாலாம் நாள் அங்கே ஒரு மூதாட்டி இறந்தாள். கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பாள் என்று அவளுடைய உறவுக்காரர்கள் தடுத்தார்கள். அவள் மகன், நெசவு வேலை செய்கிறவர், சொன்னார்: "எங்கம்மா இந்த உலகத்தப் போதும் போதும்னு பாத்துட்டா. மிச்சத்த இந்தப் புள்ள பாக்கட்டும்." அவர் காலில் விழப் போனேன். விடவில்லை.

அன்றே கருவிழியை வைத்துத் தைத்தார்கள். தையல் பிரியாமல் இருக்க, பத்து நாள் செண்பகம் மல்லாந்தே கிடக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை. இருமக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. யார் துணைக்கு இருப்பது என்று பேச்சு வந்தது. என் மனைவி கோமதி அப்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நான் இருந்தா அழ வச்சிருவேன். நீங்களே இருங்க. உங்களப் பாத்து இதுவரைக்கும் யாரும் சிரிச்சதும் இல்ல, அழுததும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு தென்காசிக்கு வண்டி ஏறினாள்.

செண்பகத்திடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டதை எண்ணிச் சொன்னேன். ஜன்னல் கம்பி ஒன்பது. எதிர்க் கட்டிலுக்குப் பார்க்க வந்தவர்கள் ஆறு பேர், கொண்டுவந்த பழம் நாலு, அதில் அவர்களே தின்றது மூன்று.

"மாமா, சிரிப்பு வருது. நிறுத்துங்க" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "ம், சொல்லுங்க" என்பாள். என் எண்ணிக்கையால் வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல்தான். அதைக் கேட்டு வாங்கியவள் இவள் ஒருத்தி.

கட்டைப் பிரித்தபோது வெளிச்சம் தெரிந்தது, ஆள் நிழலாகத் தெரிந்தது. போகப் போகத் தெளியும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு சொன்னார். ஆறு மாதம் தலையில் தண்ணீர் விடக் கூடாது. கண் சிவந்தாலோ மங்கினாலோ அன்றே புறப்பட்டு வர வேண்டும்.

ஆறு மாதம் என்றதும் எனக்கு நேர்ச்சை ஞாபகம் வந்தது. அறுபது நாள் என்று அல்லவா சொல்லியிருந்தேன். நாள் கழியக் கழியத் தூக்கம் போயிற்று. கட்டுப் பிரித்த எழுபத்தோராம் நாள், ஆவணியில், செண்பகத்தின் கண் சிவந்து, வெளிச்சம் மறுபடி மங்கியது.

அன்றே மதுரைக்குப் போயிருக்க வேண்டும். நானோ நேர்ச்சைக் குற்றம் என்று முடிவு கட்டி, அஞ்சு பல் முளைத்திருந்த வள்ளியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவளையும் கோமதியையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். தலையில் நாலு கை தண்ணீர் பட்டால் போதும், அம்மை இரங்குவாள் என்று நினைத்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி அருவிக்கரை வரை போய்விட்டோம்.

அங்கே செண்பகம் நின்றுவிட்டாள். "மாமா, இத நேர்ந்தது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப நீங்க போய் நில்லுங்க. இந்தக் கண்ணு என்னுது இல்ல. அந்த ஆச்சி குடுத்தது. நனைய வச்சு அழிச்சிட்டு அம்மைகிட்ட என்னன்னு சொல்ல?"

"அவருக்கு மூச்சு இழுப்பு வரும்ட்டி. பதினாலு வருசமா அருவிப் பக்கமே போனதில்ல" என்றாள் கோமதி.

"எனக்குக் கண்ணு போவும் அத்தை. எது பெருசுன்னு மாமாவே எண்ணிப் பாக்கட்டும்."

நான் சட்டையைக் கழற்றிக் கோமதியிடம் கொடுத்தேன்.

அருவியில் நின்று நூற்றெட்டு எண்ண வேண்டும் என்றுதான் போனேன். மூன்று வரை வந்தது. நாலு வரவில்லை. தண்ணீர் பிடரியில் அறைந்து எல்லா எண்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. எனக்கு எண்ணிக்கை தவறியது அன்று ஒரு நாள்தான். "தாயே, பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்பது மட்டும் மிஞ்சியது. எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது.

ஈர வேட்டியோடு சந்நிதியில் நின்றேன். வெளியே வந்ததும் மனம் தெளிவாக இருந்தது. யாரையும் கேட்கவில்லை. கோமதியைக் குழந்தையிடம் அனுப்பிவிட்டு, வீட்டுக்கும் போகாமல், துண்டைப் பிழிந்து கட்டிக்கொண்டு, அங்கிருந்தே செண்பகமும் நானும் மதுரைக்குப் புறப்பட்டோம். மறுநாள் விடிந்ததும் டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. ஒரு வேளைகூடத் தவறாமல் நான் விட்டேன். எனக்கு இழுப்பு வந்தது, ஐந்து நாள் இருந்தது, போயிற்று.

பன்னிரண்டாம் நாள் கோமதி குழந்தையோடு வந்தாள். செண்பகம் வள்ளியை மடியில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, வாயைத் திறக்க வைத்தாள். ஒவ்வொரு பல்லாகப் பார்த்து எண்ணினாள்.

பிறகு, "ஆறு, மாமா. அஞ்சுன்னுல்லா சொன்னீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கீழ் ஈறில் அரிசி முனை அளவுக்கு ஒன்று முளைத்திருந்தது. நான் எண்ணியதற்கு மேல் ஒன்றை அம்மை வைத்திருந்தாள்.

இன்று செண்பகம் தானே ஊசியில் நூல் கோக்கிறாள். ஆறு மாதம் முடிந்ததும், சாரல் பருவம் கழிந்து மெலிந்திருந்த அருவியில் தலைமுழுகி, அம்மையையும் கும்பிட்டுவிட்டு வந்தாள். அந்த மூதாட்டி இறந்த திதியில் எங்கள் வீட்டில் அவளுக்கும் ஓர் இலை போடுகிறோம். எங்கள் காலம் முடிந்தால் எங்கள் கண்ணையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கோமதியும் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மொத்தம் நாலு கண்.

அன்பர்களே, எண்ணும் பழக்கம் என்னை விடாது. ஆனால் சந்நிதிக்குள் போனால் இப்போது எண்ணுவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருக்கலாம். டாக்டர் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள். அம்மைக்கு மட்டும் நாள் குறிக்காதீர்கள். கேளுங்கள், கேட்டுவிட்டு அவள் பக்கத்தில் நில்லுங்கள். நனைய வேண்டியது நாம்தான் என்றால், நனைந்துவிட்டுப் போவோம்.