உடைந்த பல் போன திசை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு வட்டத் தகடு தொங்குகிறது. புல் வெட்டும் மெஷினில் மாட்டுவது. விளிம்பைச் சுற்றிலும் பற்கள். ஒன்று மட்டும் இல்லை. அந்தப் பல்தான் அப்பாவின் ஒரு கண்ணை எடுத்தது. அந்தத் தகட்டை ஏன் கேட்டு வாங்கி வந்தார் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

கோலா பிலா ஊர்ப் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். அன்று ஆள் வராததால் மேற்பார்வை பார்க்கும் மண்டோரே மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டார். அப்பா வெட்டிய புல்லை வாரிக்கொண்டிருந்தார். மெஷினுக்கு நேர் முன்னால் புல்லுக்குள் கிடந்த கல்லில் தகடு மோதிப் பல் உடைந்தது. மண்டோர் ஆபீசில், "அவன்தான் முன்னால வந்து நின்னான்லா, நான் என்னா செய்ய?" என்றார். மண்டோருக்கு இடது பக்கம் தள்ளித்தான் நின்றேன் என்றார் அப்பா. முன்னால் உடைந்தது பக்கத்தில் நின்றவனை எப்படி அடிக்கும்? யாரும் நம்பவில்லை. காலையிலேயே தண்ணி போட்டிருப்பான் என்றும் பேச்சு. கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்தினார்கள். பள்ளியில் படிவம் நான்கில், பதினாறு வயதில் இருந்த நானும், மருத்துவமனையில் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, அவர் சட்டையை மோந்து பார்த்தேன். வியர்வையும் பச்சைப் புல்லும்தான் வீசின. அப்போதும் சந்தேகம் போகவில்லை.

போன மாதம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சுழலும் வட்டின் முடுக்கத்தை அளந்தோம். விளிம்பில் ஒட்டியிருந்த ஈரக் களிமண், வேகம் ஏற ஏறப் பிடிப்பு போதாமல் பிய்ந்தது. கைப்பேசிப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். எனக்கு நேராக வந்தபோதுதான் பிய்ந்திருக்கிறது; என்மேல் வரவில்லை. விளிம்பு அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த பக்கமே, நேர்கோட்டில், பக்கச் சுவருக்குப் போயிருந்தது. மண்டோரின் மெஷினில் தகட்டின் முன்விளிம்பு வலமிருந்து இடமாக ஓடும். முன்னால் நின்றிருந்தால் அப்பாவுக்குக் கண் இருந்திருக்கும்.

அத்தனை வருடம் மெஷின் பிடித்த மண்டோருக்கு இது தெரியாதா? இன்றும் கோயிலில் தோளைத் தட்டிப் படிப்பை விசாரிக்கிறார். நான் அவர் முகத்தையே பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழற்றி, தரையில் கோடு போட்டு விளக்கினேன். அப்பா முழுவதும் கேட்டார்.

"இதத்தானே ஐயா அன்னைக்கே சொன்னேன். படிச்சவன் எவனாச்சும் பாத்துச் சொல்லுவான்னுதான் இத வச்சிருந்தேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "இனிமே சட்டைய மோந்து பாக்க மாட்டல்ல?" என்றார்.

தகட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.