கூடாரக் காணிக்கு எத்தனை அறை?

காணியைக் கூடாரம் போட வாடகைக்கு விடுவது லேசான தொழில். அதை எந்த இணையத்தளத்தில் போடுவது என்று முடிவெடுப்பதுதான் ஆளைக் கொல்லும். காணியைத் துப்புரவாக்கி வைத்துவிட்டு, யாராவது பதிவு செய்வார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிற என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

அக்கராயன் குளக்கட்டுக்குக் கீழே, மருத மரங்கள் நிற்கிற காணி எங்களுடையது. எங்களுடையது என்றால் எனக்கும், என் கணவரின் அக்கா வசந்தி மச்சாளுக்கும். மச்சாள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறா. இருட்டோடு சந்தியில் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வருவா. வந்து தோளைப் பிடித்துக்கொண்டு இருப்பா. கோடை முழுக்கச் சனி ஞாயிறு ஆட்கள் வந்தால் மச்சாள் வேலையை விடுவது, வராவிட்டால் காணியில் கச்சான் கடலை போடுவது என்று பேசி வைத்தோம். அந்தத் தோளை நினைத்துத்தான் நான் இதில் இறங்கினேன்.

அறை எத்தனை?

முதலில் பெரிய தளம். உலகம் முழுக்க வீடு விடுகிறவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். அறை எத்தனை, கட்டில் எத்தனை, பூட்டின் திறப்பை எங்கே வைப்பீர்கள் என்று அது கேட்டது. அறைக்குச் சைபர் போட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. என்ன செய்ய, ஒன்று என்று போட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். காணியைச் சுற்றி நடந்தார்கள், மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஏசப் போகிறார்கள் என்று நான் செம்பும் தண்ணியுமாக நிற்கிறேன். அந்தப் பெண் கணவரைப் பார்த்துச் சொன்னா: "ரூம் பெருசாத்தான் இருக்கு. கதவைத்தான் காணோம்."

தலைமாட்டில் விளக்குமாறு

ஆட்கள் கிடக்கிற இடத்தைக் கூட்டாமல் விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அடுத்த நாள் சனிக்கிழமையும் மச்சாளுக்கு வேலை. பஸ்ஸுக்குப் போகமுதல், கூடாரத்தைச் சுற்றி வடிவாகக் கூட்டி, சாணித் தண்ணியும் தெளித்துவிட்டுப் போனா. உள்ளே கிடந்த இரண்டு பேரும் ஏதோ மிருகம் நிலத்தைப் பிறாண்டுகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்களாம். சிரித்துக்கொண்டுதான் விடைபெற்றார்கள். ஆனால் மூன்று நட்சத்திரம் போட்டு, "இடம் அருமை, விடியுமுன் தலைமாட்டில் கூட்டுகிறார்கள்" என்று எழுதிவிட்டார்கள்.

அதோடு அந்தத் தளம் எங்களை ஒருவரும் எட்டிப்பார்க்காத பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. சனிக்கிழமைகள் சும்மா போயின. கச்சான் விதை விலை விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கூட்டாமல்தான் விடுங்கோவன் என்று மச்சாளிடம் எரிந்து விழுந்தேன். அவா ஆறுதலாகச் சொன்னா: "கூட்டாத முத்தத்தில ஆக்களைப் படுக்க விடுறதோ? விடிஞ்சாப் பிறகு கூட்டலாம்தான். பஸ் எனக்காக நிக்குமோ?"

கோப்பை போய்க் கோப்பை வந்தது

இரண்டாவது தளம் கூடாரக்காரருக்கென்றே உள்ளது. அது திறப்புக் கேட்கவில்லை. நிழல் உண்டா, தண்ணி எங்கே, மலசலகூடம் எவ்வளவு தூரம் என்று மனிதர் கேட்கிற கேள்விகள். கடைசியில் ஒரு வெறும் பெட்டி: வருகிறவர்கள் அறிய வேண்டியது வேறு ஏதும் உண்டா? "விடியமுதல் முற்றம் கூட்டப்படும், பயப்பட வேண்டாம்" என்று எழுதினேன்.

அதைப் படித்துவிட்டும் வந்தவர்கள் வவுனியாவில் துணிக்கடை வைத்திருக்கிற நசீர் நானா குடும்பம். அவரின் மனைவி ஒரு கோப்பையில் வட்டிலப்பம் கொடுத்துவிட்டா. வெறுங் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கலாமா? நாங்கள் பயற்றம் பணியாரம் வைத்துக் கொடுத்தோம். அதை எங்கள் கோப்பையில் வைத்துக் கொடுத்ததுதான் பிழை. எங்கள் கோப்பையை வெறுமனே அனுப்ப அவர்களுக்கும் மனம் வரவில்லை. போகும்வரை இரண்டு கோப்பையும் ஓய்வில்லாமல் நடந்தன. வான் வண்டி வெளிக்கிட்ட பிறகுதான் பார்க்கிறேன், அவர்களின் கோப்பை என் குசினியில் இருக்கிறது. பின்னால் ஓடினேன். அந்த அக்கா யன்னலால் தலையை நீட்டினா: "இருக்கட்டும் தங்கச்சி. அதை எடுக்கிறதுக்கு வரத்தானே வேணும்."

கூட்டுகிற அக்கா

வந்தார்கள், தங்கைகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு. அவர்கள் எழுதியதைப் பார்த்து வேறு ஆட்கள் வந்தார்கள். கூட்டுகிற அக்கா நிற்பாவா என்று முன்கூட்டியே கேட்டு எழுதினார்கள். மாரி தொடங்கும்வரை சனி ஞாயிறு நிரம்பிவிட்டது. பேசி வைத்தபடி ஆட்கள் வந்தும், மச்சாள் இன்னும் பஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தா.

ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை என்றபடியால் கூடாரங்கள் இன்னும் நின்றன. சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. மச்சாள் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தா, விளக்குமாறு மரத்தில் சாத்தியபடி. மச்சாள், பஸ் என்றேன். எனக்கு அழுகை வந்ததை அவா காணாத மாதிரி இருந்தா. "போகட்டும். பிள்ளையள் நல்ல நித்திரை. எழும்பினாப் பிறகு கூட்டுவம்."

ஆகவே எந்தத் தளம் நல்லது என்று கேட்கிற சக பாவிகளே, அறையை எண்ணுகிற தளத்தை விட்டுவிட்டு விளக்குமாற்றுக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிற தளமாகப் பாருங்கள்.