ஒன்பதாவது மாடிக் கண்ணாடி

தாம்பரத்தில் எங்கள் அலுவலகம் இருப்பது பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில். மாதம் ஒருமுறை, நரைத்த மீசைக்காரர் ஒருவர் கயிற்றில் தொங்கியபடி வெளிப்புறம் துடைக்க வருவார். ஒன்பதாவது மாடியில் என் மேசைக்கு நேரே வந்ததும் பல் தெரியச் சிரிப்பார். நானும் கையசைப்பேன்.

ஒருநாள் அவரைக் கீழே டீக்கடையில் பார்த்தேன். "ஒன்பதாவது மாடியில இருந்து கையாட்டுவேனே, நான்தான் அண்ணா" என்றேன்.

அவர் விழித்தார். "வெளியேந்து பாத்தா உள்ள ஒண்ணும் தெரியாது சார். என் மூஞ்சிதான் தெரியும். பல்லுல வெத்தல ஒட்டிக்கினு கீதான்னு பாப்பேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த மாதம் ஒன்பதாவது மாடியின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் கையசைத்துவிட்டுத்தான் துடைத்தார். ஆளில்லாத மீட்டிங் அறைக்கும் அப்படியே. என் கண்ணாடிக்கு வந்தபோது நான் எழுந்து நின்றேன்.