மூன்று வழிகளும் எனக்கு மனப்பாடம்

அயர்லாந்தில் என் மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மலை இருக்கிறது. அதில் ஏற மூன்று வழிகள். பைன் மரக் காட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறுவது ஒன்று. நாயோடும் குழந்தைகளோடும் வருகிறவர்கள் அதில்தான் போவார்கள். சதுப்பு நிலத்தின் மேல் பலகை பாவிய பாதையில் நேராக மேலே போவது இன்னொன்று. மூன்றாவது, ஏரிப் பக்கத்திலிருந்து பாறை முகடு மேலேயே போகும் ஒற்றையடிப் பாதை. ஊரைப் பார்ப்பதற்கு முன்பே இந்த மூன்றும் எனக்கு மனப்பாடம். மகள் அனுப்பிய வரைபடத்தை அம்பத்தூர் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடப்பேன். என் மனைவியும் வருவாள், கொஞ்சம் பின்னால். நடை முடிந்ததும் டீக்கடையில் பழைய தொழிற்சாலை ஆட்கள் கூடுவோம். விசா வந்ததிலிருந்து நான் அங்கே மலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

"இன்னா தல, எந்த வயியா ஏறப் போற?" என்று கேட்டார் ஒருவர். தொழிற்சாலை லாரியை ஓட்டியவர், என் நெடுநாள் நண்பர்.

"பாறை வயிதான். மத்ததெல்லாம் பொம்பளைங்க, கொயந்தைங்க போறதுக்கு."

மனைவி பக்கத்தில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி என்று சொல்லிக்கொண்டு ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை என்பதில் எனக்கு ஒரே பெருமை. அந்தப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது என்பது அப்போது மனதில் படவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். "காட்டு வழியா போலாம் நைனா, முகட்டுல காத்து அடிக்கும்" என்றாள் மகள். நான் கேட்கவில்லை. மஞ்சள் பூப் பூத்த முட்புதர்களைத் தாண்டும் வரை நான்தான் முன்னால் போனேன். திரும்பித் திரும்பி, "மெதுவா வாங்க" என்றுகூடச் சொன்னேன்.

முகட்டின் மேல் கால் வைத்ததும் நிலம் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. இடது பக்கம் கீழே, வெகு கீழே, கறுப்பாக ஏரி. பிடிக்க ஒன்றும் இல்லை. காற்று வந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. முதலில் உட்கார்ந்தேன். பிறகு குப்புறப் படுத்துப் புல்லை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டேன். சரிவில் ஒரு ஆடு நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"நைனா, கீழ பாக்காத. என்னப் பாரு."

"இன்னாய்யா, மயக்கமா?" என்று மனைவி குனிந்தாள்.

"மயக்கம் இல்ல. முடியல."

பின்னாலிருந்து ஒரு வயதான கணவன் மனைவி, கையில் ஊன்றுகோலோடு வந்தார்கள். பாதை குறுகல். அவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கிழவர் மன்னிப்புக் கேட்டபடி என் முதுகுக்கு மேலே காலைத் தூக்கி வைத்துக் கடந்தார். கிழவி நின்று மகளிடம் ஏதோ பேசினாள். நான் முகத்தைத் தூக்கவில்லை.

"நான் நைனாவ எறக்கிக் கூட்டினு போறேன். இவங்க உன்னை மேல கூட்டினு போறாங்களாம். போறியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "போறேன்" என்றாள். மகளின் மழைக்கோட்டை வாங்கிச் சேலைமேல் போட்டுக்கொண்டு, என் முதுகைத் தாண்டி அவளும் போனாள்.

நான் உட்கார்ந்தபடியே, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். மேலே வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஏரிப் பக்கம் நிறுத்தியிருந்த காரில் மகள் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள், சேற்றைத் துடைக்க. காட்டு வழி முடியும் இடத்துக்குக் காரைக் கொண்டுபோய்க் காத்திருந்தோம். மனைவி காட்டு வழியாக இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. "இவ்ளோ நேரமா?" என்று மட்டும் கேட்டேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே டீக்கடையில் அவளுடைய போன் கைமாறிக் கைமாறிப் போனது. கிழவர் எடுத்துக் கொடுத்த படம்: உச்சியில் ஒரு கற்குவியல், அதன் பக்கத்தில் மழைக்கோட்டோடு அவள் மட்டும்.

"நீ எங்க தல?" என்றார் லாரி நண்பர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். "போட்டோ எடுத்தது யாரு? அவருதான்."

கூசிப்போனேன். ஆனால் மறுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு 'மலைக்காரர்' என்று பெயர். அவர்கள் அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் என் முதுகைத் தாண்டிய அந்தக் கிழவரின் ஷூ கண்முன் வந்தது. மனைவி திருநின்றவூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெஞ்சே ஆடுகிற மாதிரி சிரித்தார்கள். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது.

அது மூன்று நாள்கூட நிற்கவில்லை. கடைத்தெருவில் யாரோ அவளிடம், "போட்டோ எடுத்தது யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். மனைவி பையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"உன் மானம் போவக்கூடாதுன்னுதான் நான் பொய் சொன்னேன். நீ போயி உண்மை பேசிட்டு வந்துட்ட. இப்போ ஊருல யாருய்யா பொய்க்காரி?"

என் பாரத்தை நான் இறக்கி வைத்த இடம் அவள் தலை என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை? மன்னிப்புக் கேட்டேன். "போய்யா" என்று உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் நடக்க வரவில்லை. நானும் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

பிறகு ஒரு நாள் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் கிளம்பினாள். கரையைச் சுற்றிவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். நான் தயங்கித் தயங்கிப் பின்னால் போனேன். லாரி நண்பர் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார், அவளுக்கு.

"குந்து அண்ணி. அத்த வுடு. மேல இன்னாதான் கீது, சொல்லு."

அவள் உட்கார்ந்தாள்.

"ஒண்ணியும் இல்ல அண்ணாத்தே. கல்லுதான் குவிச்சு வெச்சுக்கீறாங்கோ. ஆனா ஒரு பக்கம் மய பேயுது, இந்தப் பக்கம் வெய்யிலு. ரெண்டயும் நின்ன எடத்துலயே பாத்தேன். கெயவி ஒரு கல்லு எடுத்துக் குடுத்துச்சு, நானும் மேல வெச்சேன். அப்பால எனக்கு அயுகை வந்துருச்சு, ஏன்னு தெர்ல. அது என்னைக் கட்டிப் புட்ச்சுக்கினு, அதுவும் அயுவுது."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. நண்பர் என் பக்கம் திரும்பினார். "உன்னாண்ட சொல்லிச்சா தல?"

அவள் அழுதது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நான் கேக்கல" என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. இறங்கி வந்த காட்டு வழியைப் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள். நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.